நிறுத்தத் தெரிந்தவர்களுக்குத் தொடங்கவும் தெரியும்: அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கும், உதவித்தொகைப் பிரிவின் அதிகாரிகளுக்கும், இரு அவைகளின் முன்னாள் படைவீரர் நலக் குழு உறுப்பினர்களுக்கும்

வணக்கம்.

1936-இல் மிசோரி மாநிலத்தின் ஒரு சிற்றூரில் ஹெலன் என்ற 17 வயதுப் பெண், ஜேம்ஸ் போலின் என்ற 93 வயதுக்காரரை மணந்தார். உள்நாட்டுப் போரில் வடதரப்புக்காகப் போரிட்டவர் அவர். வீட்டு வேலைக்கு ஒத்தாசையாக வந்துபோன பெண்ணுக்குக் கொடுக்க அவரிடம் இருந்தது, தன் காலத்துக்குப் பின் கைம்பெண்ணுக்கு வரும் படை ஓய்வூதியம் ஒன்றுதான். 1939-இல் அவர் இறந்தார். ஊரில் பெயர் கெட்டுவிடும் என்ற அச்சத்தில் ஹெலன் அந்த ஓய்வூதியத்தைக் கேட்கவே இல்லை. 2020 டிசம்பர் 16 அன்று 101 வயதில் அவர் காலமானபோது, உள்நாட்டுப் போர் வீரர்களின் மனைவியரில் அறியப்பட்ட கடைசிப் பெண் அவர்தான். ஒரு சென்ட்கூட வாங்காமலே போய்விட்டார்.

இன்றைக்கும் அமெரிக்கக் கிராமங்களில் உரிமைத் தொகையை வாங்காமலே காலம் தள்ளும் கைம்பெண்கள் இருக்கிறார்கள். ஊர்ப்பேச்சு இப்போது காரணம் அல்ல. உங்கள் படிவங்களும் அவற்றின் காலக்கெடுவும், அவர்களுக்கும் உங்கள் அலுவலகத்துக்கும் நடுவில் கிடக்கும் தூரமும்தான் காரணம். அந்த விண்ணப்பங்களை நிரப்ப உதவுகிறவர்கள் நாங்கள். எங்கே சிக்குகிறது, ஏன் சிக்குகிறது என்பதை ஒளிவுமறைவின்றிச் சொல்லவே இந்த மடல்.

முதலில் பணம் நிற்கும் விதத்தைப் பாருங்கள். கணவர் ஒரு மாதம் 20-ஆம் தேதி இறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஈமச்சடங்கு நிலையத்தார், முதியோர் ஓய்வூதியம் தரும் சமூகப் பாதுகாப்பு அலுவலகத்துக்குத் தகவல் சொல்கிறார்கள். அங்கிருந்து செய்தி உங்கள் கணினிக்கு வந்து சேர்கிறது. மனைவி ஒரு தாளில்கூடக் கையெழுத்துப் போடவில்லை; கணவரின் ஊனத் தொகை நின்றுவிடுகிறது. அடுத்த மாத முதல் வேலை நாளில் கணக்கில் ஏறிய தொகையும் பல நேரம் வங்கியிலிருந்து திரும்ப எடுக்கப்படுகிறது. ஆனால் இறந்த மாதத்துக்கான தொகை சட்டப்படி மனைவிக்கு உரியது. சமூகப் பாதுகாப்பில் விதி நேர் எதிர்: 30-ஆம் தேதி இறந்தாலும் அந்த மாதத் தொகை கிடையாது. இரண்டு அலுவலகங்களுக்கு இரண்டு விதி, எடுக்கப்படுவதோ ஒரே கூட்டுக் கணக்கிலிருந்து. மின் கட்டணத்துக்கு எழுதிய காசோலை திரும்புகிறது, வங்கி அபராதம் போடுகிறது. துக்க வீட்டுக்கு வரும் முதல் கடிதமே அதுதான்.

தொடங்கும் விதம் வேறு. படைப்பணி சாவுக்குக் காரணமானால் நீங்கள் தரும், டிஐசி என்று அழைக்கும் உயிர்நீத்தோர் குடும்பத் தொகை வேண்டுமானால், 21பி-534ஈஇசட் படிவத்தை அவரே தேடி எடுத்து, திருமணச் சான்று, இறப்புச் சான்று, டிடி-214 என்ற படைவிடுப்புத் தாள் எல்லாம் சேர்த்து அனுப்ப வேண்டும். இறந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் இறந்த மாதத்தின் முதல் நாளிலிருந்து கணக்கு. ஓராண்டு தாண்டினால் விண்ணப்பம் வந்த தேதியிலிருந்துதான். 2024 டிசம்பர் 1 முதல் ஓராண்டு நடப்பில் இருந்த விகிதப்படி மாதம் 1,653.07 டாலர். அந்தக் கணக்கில், பதின்மூன்றாம் மாதத்தில் விண்ணப்பிப்பவர் 12 மாதத்துக்கு 19,836.84 டாலரை இழக்கிறார். ஓராண்டுக் கெடு இருக்கிறது என்பதே தெரியாமல் அதைத் தவறவிடுகிறார்கள்.

கிராமத்தில் அந்த ஓராண்டு எப்படிக் கழியும் என்று கேளுங்கள். முழு ஊனம் என மதிப்பிடப்பட்டு மனைவியுடன் வாழ்ந்த வீரருக்கு அதே விகிதத்தில் மாதம் 4,044.91 டாலர் வந்துகொண்டிருந்தது. அது நிற்கிறது. இருவருக்கும் தனித்தனியே வந்த சமூகப் பாதுகாப்புத் தொகையில் பெரியது மட்டும் மிஞ்சுகிறது, சிறியது போய்விடுகிறது. இறப்புக்கென ஒரே தடவை தரும் தொகை 255 டாலர். ஆள் ஒருவர் குறைந்ததால் வீட்டுச் செலவு பாதியாவதில்லை. வீட்டைச் சூடாக்கும் பிராபேன் வாயுவின் 500 காலன் தொட்டியில் 80 விழுக்காடுதான் நிரப்பலாம், அதாவது 400 காலன். முள் 20-க்குக் கீழே இறங்கும்போதே லாரிக்குச் சொல்லியாக வேண்டும். பணமில்லை என்று தள்ளிப்போட்டுத் தொட்டி முற்றிலும் காலியானால், குழாய்களில் கசிவுச் சோதனை செய்த பிறகே மீண்டும் நிரப்புவார்கள். அதற்குத் தனிக் கட்டணம். கொஞ்சமாக வாங்கிக்கொள்ளலாம் என்றால் குறைந்த அளவுக்கு லாரி வராது. கிணற்று மோட்டார் மின்சாரத்தில் ஓடுகிறது. பனிப்புயலில் கம்பி அறுந்தால் வெளிச்சத்தோடு தண்ணீரும் போகும். கழிவுத்தொட்டியை மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை இறைக்க வேண்டும். இவற்றையெல்லாம் கணவர் பார்த்துக்கொண்டிருந்தார், அல்லது படுக்கையிலிருந்தபடி எப்படிச் செய்வது என்று சொல்லிக்கொண்டிருந்தார். இனி ஒவ்வொன்றுக்கும் ஆள் கூப்பிட்டுக் கூலி கொடுக்க வேண்டும்.

அடுத்து இறப்புச் சான்று. எங்கள் அனுபவத்தில் அதிக விண்ணப்பங்கள் விழுவது இந்த ஒரு தாளில்தான், ஆகவே இதைச் சற்று விரிவாகச் சொல்கிறோம்.

அதில் இறப்பின் காரணத்துக்கு இரண்டு பகுதிகள். முதல் பகுதியில் நான்கு வரிகள். மேல் வரியில் உடனடிக் காரணம், அதற்குக் கீழே அது எதனால் வந்தது, அது இன்னும் எதனால் வந்தது என்று அடிவரை இறங்கிப் போக வேண்டும். இரண்டாம் பகுதியில் சாவுக்குத் துணைபோன மற்ற நோய்கள். கவுண்டி எனப்படும் மாவட்டங்களில் சிறியவை பலவற்றில், சான்றை எழுதும் கரோனர் என்ற சாவு விசாரணை அலுவலர் தேர்தலில் வென்று வந்தவர், மருத்துவராக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லாதவர். நள்ளிரவில் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, முதல் வரியில் "இதயமும் மூச்சும் நின்றுவிட்டன" என்று எழுதுகிறார். மற்ற மூன்று வரிகளும் இரண்டாம் பகுதியும் வெற்றாக நிற்கின்றன. இதயமும் மூச்சும் நிற்காமல் யார்தான் இறக்கிறார்கள்? அது சாவு நிகழ்ந்த விதத்தைச் சொல்கிறதே தவிர, காரணத்தைச் சொல்லவில்லை. இறந்தவரோ வியட்நாமில் ஏஜென்ட் ஆரஞ்ச் என்ற களைக்கொல்லி நச்சு தெளிக்கப்பட்ட மண்ணில் இருந்தவர். இருபது ஆண்டாக நீரிழிவும் இதயத் தமனி நோயும் இருந்தன. இரண்டுமே அந்த நச்சால் வந்தவை என்று உங்கள் துறை முன்கூட்டியே ஏற்றுக்கொண்ட நோய்கள். கீழ் வரிகளில் அவற்றின் பெயர் இருந்திருந்தால் விண்ணப்பம் தடையின்றி நகர்ந்திருக்கும். பெயர் இல்லாததால், "பணிக்கும் இறப்புக்கும் தொடர்பு காட்டப்படவில்லை" என்று மறுப்புக் கடிதம் போகிறது.

இதைச் சரிசெய்ய வழி இருக்கிறது. சான்று எழுதியவரிடமே திருத்தம் கேட்கலாம். முடியாவிட்டால் சிகிச்சை பார்த்த மருத்துவரிடம் கடிதம் வாங்கலாம். அந்தக் கடிதத்தில்தான் ஒரு சொல் வாழ்வைத் தீர்மானிக்கிறது. "இதய நோய் காரணமாக இருந்திருக்கலாம்" என்று எழுதினால் வெறும் ஊகம் என்று ஒதுக்கப்படும். "பாதிக்குப் பாதியோ அதற்கு மேலோ வாய்ப்பு உண்டு" என்ற அளவில் எழுதி, ஏன் என்பதற்கு மருத்துவக் காரணமும் காட்டினால் ஏற்கப்படும். முதன்மைக் காரணமாகக்கூட இருக்க வேண்டியதில்லை, சாவுக்குக் கணிசமாகத் துணைபோனதென்றால் போதும் என்கிறது உங்கள் விதி. ஆனால் கிராம மருத்துவ நிலையத்தில் சென்ற ஆண்டு இருந்த மருத்துவர் இந்த ஆண்டு இருப்பதில்லை. புதிதாக வந்தவர் இறந்தவரைப் பார்த்ததே கிடையாது. இன்னொரு சிக்கல்: ஃப்ளோரிடா போன்ற மாநிலங்களில் காரணத்தோடு ஒரு சான்று, காரணமில்லாமல் ஒரு சான்று என இரண்டு விதம் தருகிறார்கள். வங்கிக்குப் போதுமென்று காரணமில்லாததை வாங்கியவர், உங்களுக்கும் அதையே அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார்.

2022 ஆகஸ்ட் 10 அன்று கையெழுத்தான, நச்சுப்பொருளால் பாதிக்கப்பட்ட வீரர்களுக்கான பாக்ட் சட்டம் ஏஜென்ட் ஆரஞ்ச் நோய்களின் பட்டியலில் உயர் இரத்த அழுத்தத்தையும் சேர்த்தது. இதன் பொருளை நினைத்துப் பாருங்கள். பக்கவாதத்தில் இறந்து, சான்றின் அடிவரியில் "உயர் இரத்த அழுத்தம்" என்று எழுதப்பட்ட வியட்நாம் வீரரின் மனைவி, பல ஆண்டுக்கு முன் மறுக்கப்பட்டிருந்தாலும் இன்று மீண்டும் விண்ணப்பிக்கலாம். தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா, குவாம் என, அந்த நச்சு இருந்ததாக ஏற்கும் இடங்களும் கூடியிருக்கின்றன. இன்று எண்பதை நெருங்கும் அந்தப் பெண்கள் மறுப்புக் கடிதத்தை இறுதித் தீர்ப்பு என்று நம்பித் தகரப்பெட்டியில் வைத்துப் பூட்டியவர்கள். இணையதளத்தில் அறிவிப்புப் போட்டால் அவர்களுக்குத் தெரியாது. பழைய மறுப்புகள் உங்களிடம்தான் இருக்கின்றன. நீங்களே எடுத்துப் பார்க்க வேண்டும்.

போரின் மனக்காயத்தோடு வீடு திரும்பியவரின் மனைவிக்கு வேறொரு துயரம். அடியும் வசவும் தாங்காமல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தனி வீட்டுக்குப் போனவர்கள் உண்டு. சேர்ந்து வாழவில்லையே, நமக்கெதற்குத் தருவார்கள் என்று அவர்கள் விண்ணப்பிப்பதே இல்லை. விவாகரத்து ஆகாமல், பிரிவுக்கு மனைவி காரணம் இல்லை என்றால் உரிமை போகாது என்று உங்கள் விதி தெளிவாகச் சொல்கிறது. பணியால் வந்த மனநோயில் கணவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டாலும் மனைவிக்கு டிஐசி உண்டு. இதுவும் பலருக்குத் தெரியாது. கேட்கவே வெட்கப்படும் இந்த இரண்டு கேள்விகளுக்கும் படிவத்தின் முதல் பக்கத்திலேயே விடை அச்சிடுங்கள்.

இறப்புக்கும் பணிக்கும் தொடர்பே இல்லாத வீரர்களின் மனைவியருக்கு வருமானத்தைப் பொறுத்த குடும்ப ஓய்வூதியம் இருக்கிறது. தனியாக வாழும் கைம்பெண்ணுக்கு மேற்சொன்ன அந்த ஓராண்டில் உச்சவரம்பு 11,380 டாலர், பிறர் துணையின்றி இயங்க முடியாதவருக்கு 18,187 என்று இருந்தது. இதிலிருந்து அவருடைய சொந்த வருமானத்தைக் கழித்து மீதியைத் தருகிறீர்கள். மருத்துவச் செலவு அடிப்படை வரம்பில் 5 விழுக்காட்டைத் தாண்டினால், அதாவது அந்த ஆண்டுக் கணக்கில் 569 டாலருக்கு மேற்பட்டால், தாண்டிய பகுதியை வருமானத்தில் குறைத்துக்கொள்ளலாம். மருத்துவரைப் பார்க்கச் சொந்த வண்டியில் ஓடிய மைல்களும் அந்தச் செலவில் சேரும். போக 70, வர 70 என்று மாதம் இருமுறை ஓட்டுகிறவருக்கு அது சின்னத் தொகை அல்ல. ஆனாலும் யாரும் குறித்து வைப்பதில்லை, குறித்து வைக்கச் சொல்வாரும் இல்லை.

இந்த ஓய்வூதியத்தில் கிராமத்தை நேராகத் தாக்கும் விதி நிலத்தைப் பற்றியது. அதே ஓராண்டில் சொத்து வரம்பு 159,240 டாலராக இருந்தது. குடியிருக்கும் வீடு கணக்கில் வராது. வீட்டைச் சுற்றிய மனையும் வராது, ஆனால் 2 ஏக்கர் வரைதான். அதற்கு மேல் உள்ள நிலம் விற்கத்தக்கதாக இருந்தால் சொத்தாக எண்ணப்படும். நகரத்தில் 2 ஏக்கர் என்பது மாளிகை மனை. மேய்ச்சல் பகுதியில் 40 ஏக்கர் என்பது வேலியும் களையும் மண்டிய, வருமானம் தராத நிலம். மீதி 38 ஏக்கரை ஏக்கருக்கு 5,000 டாலர் என்று மதிப்பிட்டாலே 190,000 ஆகிவிடும். கையில் காசில்லாத பெண் காகிதத்தில் சொத்துக்காரி ஆகிறார். சரி, பிள்ளை பேருக்கு எழுதிவிடலாம் என்று எழுதினால் நிலைமை இன்னும் மோசம்: 2018 அக்டோபர் 18 முதல், விண்ணப்பத்துக்கு முந்தைய மூன்று ஆண்டில் செய்த சொத்து மாற்றங்களைப் பார்க்கிறீர்கள். அதற்குத் தண்டனையாக ஐந்து ஆண்டு வரை ஓய்வூதியம் நிறுத்திவைக்கப்படலாம். நல்லெண்ணத்தோடு மகன் பேருக்கு எழுதிய ஒரு கையெழுத்து ஐந்து குளிர்காலத்தைப் பறிக்கிறது. இந்த 2 ஏக்கர் விதியை, குறைந்தபட்சம் கணவர் காலத்திலிருந்தே குடும்பம் வாழ்ந்துவரும் நிலத்துக்காவது, தளர்த்துங்கள்.

குடும்பத்தாருக்கு நீங்கள் தரும் மருத்துவக் காப்பீடான சாம்ப்விஏ நல்ல திட்டம். அதில் உள்ள இரண்டு கண்ணிகளை மட்டும் சொல்கிறோம். 65 வயதானதும் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரின் ஏ, பி பகுதிகள் இரண்டையும் வைத்திருந்தால்தான் சாம்ப்விஏ தொடரும். "எனக்குத்தான் சாம்ப்விஏ இருக்கிறதே" என்று பி பகுதியை வேண்டாமென்பவர் இரண்டையும் இழக்கிறார். பிறகு சேர்ந்தால், தாமதித்த ஒவ்வொரு 12 மாதத்துக்கும் சந்தா 10 விழுக்காடு கூடுகிறது. இரண்டாவது, மருந்தை அஞ்சலில் அனுப்பும் திட்டம். மருந்துக்கடை 50 மைல் தள்ளி இருப்பவருக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது, கட்டணமும் இல்லை. ஆனால் வேறு மருந்துக் காப்பீடு வைத்திருப்பவருக்கு அது கிடையாது. யாரோ தொலைபேசியில் பேசி மருந்துக்கான மெடிகேர் டி பகுதியில் சேர்த்துவிட்டால் மறுமாதம் அஞ்சல் நின்றுபோகிறது.

வீரரை வீட்டில் கவனிப்பவருக்கு மாதப்படி தரும் பராமரிப்பாளர் திட்டத்தில் இருந்த மனைவியரையும் நினைவில் வையுங்கள். வேலையை விட்டுக் கணவரைக் குளிப்பாட்டி, புண்ணைத் துடைத்து, பத்துப் பன்னிரண்டு ஆண்டு கழித்தவர்கள் அவர்கள். கணவர் இறந்தபின் அந்த மாதப்படி 90 நாள் வரை வரும், பிறகு நின்றுவிடும். அது சம்பளமாக எண்ணப்படாததால், அத்தனை ஆண்டும் அவருடைய சமூகப் பாதுகாப்புக் கணக்கில் வேலை செய்யாத ஆண்டுகளாகவே பதிவாகியிருக்கும். 52 வயதில் கணவனை இழந்தவருக்கு, தமக்கே ஊனம் இல்லாவிட்டால், சமூகப் பாதுகாப்பின் கைம்பெண் தொகை கிடைக்க 60 வயது ஆக வேண்டும். எட்டு ஆண்டு எதை வைத்துச் சாப்பிடுவது?

இப்போது எங்கள் கோரிக்கைக்கு வருகிறோம். இறப்பதற்கு முன் தொடர்ந்து 10 ஆண்டு முழு ஊனம் என மதிப்பிடப்பட்டிருந்த வீரரின் மனைவிக்கு, சாவின் காரணம் எதுவாயினும் டிஐசி உண்டு. அந்த 10 ஆண்டு உங்கள் கோப்பில் இருக்கிறது. மனைவிக்கெனக் கூடுதல் தொகை கொடுத்து வந்ததால் திருமணமும் கோப்பில் இருக்கிறது. இறப்புச் செய்தியும் வந்துவிட்டது. வந்ததால்தானே பணத்தை நிறுத்தினீர்கள்? 2012-இல் நிறைவேறிய சட்டம், கோப்பில் போதிய ஆதாரம் இருந்தால் முறையான விண்ணப்பம் இல்லாமலே குடும்பத்தாருக்குத் தொகை வழங்கலாம் என்று செயலாளருக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. ஈமச் செலவுத் தொகையை 2014 முதல், பதிவில் உள்ள மனைவிக்கு அவர் கேட்காமலே அனுப்புகிறீர்கள். ஆக, அதிகாரமும் இருக்கிறது, வழக்கமும் இருக்கிறது. கோப்பில் எல்லாம் இருக்கும் இந்தக் கைம்பெண்களுக்கு டிஐசியையும் அப்படியே தொடங்குங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு பக்கக் கடிதம் அனுப்பி, மறுமணம் ஆகவில்லை என்று கையெழுத்து மட்டும் வாங்குங்கள்.

அவை உறுப்பினர்களே, உங்களிடம் இரண்டு. மத்திய அரசின் குடிமைப் பணியில் ஓய்வுபெற்றவர் இறந்தால் அவருடைய துணைக்கு 55 விழுக்காடு வரை கிடைக்கிறது. போர்வீரரின் கைம்பெண்ணுக்கு மேற்சொன்ன விகிதத்தில் கிடைத்த 1,653.07 என்பது தனியாளான முழு ஊன வீரரின் 3,831.30 டாலரில் 43 விழுக்காடுதான். 55 ஆக்கினால் சுமார் 2,107 டாலர் ஆகும். மற்றொன்று, 9 ஆண்டு 11 மாதத்தில் கணவர் வேறு நோயில் இறந்துபோனால் அந்த 10 ஆண்டு விதியில் மனைவிக்கு ஒன்றுமே இல்லை. 5 ஆண்டிலிருந்தே விகிதப்படி கொடுக்கலாம் என்ற மசோதா உங்கள் முன் வந்ததுதான். டிஐசி வாங்குகிறார் என்பதற்காகக் கணவரின் படை ஓய்வூதியப் பங்கில் அதே அளவைக் கழித்துவந்த, "கைம்பெண் வரி" என்று மக்கள் பெயரிட்ட பிடித்தத்தைப் படிப்படியாகக் குறைத்து 2023 ஜனவரியில் முழுதாக நீக்கியவர்களும் நீங்கள்தான். இதையும் உங்களால் செய்ய முடியும்.

கடைசியாக, சட்டம் எதுவும் மாறாமல் இந்த மாதமே செய்யக்கூடியது ஒன்று. பெட்டியின் மேல் போர்த்தும் கொடியை அஞ்சல் நிலையங்களில் தருகிறீர்கள். கிராமத்துக்குள் இருக்கும் ஒரே மத்திய அரசு அலுவலகம் பெரும்பாலும் அதுதான். ஐந்தடிக்கு ஒன்பதரை அடிக் கொடி. அடக்கத்தின்போது அதை முக்கோணமாக மடித்து மனைவியின் கையில் கொடுக்கிறார்கள். வேறெந்தத் தாளைத் தொலைத்தாலும் அதை அவர் தொலைப்பதில்லை. அஞ்சல் நிலையத்தில் கொடியைக் கொடுக்கும்போது கூடவே ஒரு தாளும் கொடுங்கள். பெரிய எழுத்தில் இவை மட்டும் இருக்கட்டும்:

கடைசியாக வந்த படைவீரர் தொகையை ஒரு மாதம் செலவழிக்காதீர்கள், திரும்ப எடுக்கப்படலாம். இறந்த மாதத் தொகை உங்களுடையது, வராவிட்டால் கேளுங்கள். காரணம் எழுதிய இறப்புச் சான்றையே வாங்குங்கள். கீழ் வரிகள் காலியாக இருந்தால் அன்றே கேளுங்கள். ஓராண்டுக்குள் 21பி-534ஈஇசட் அனுப்புங்கள். இன்றே முடியாவிட்டால் 21-0966 என்ற ஒரு தாளை அனுப்பித் தேதியைப் பிடித்துவையுங்கள். விவரம் கேட்காமல் நிலத்தை யார் பேருக்கும் எழுதாதீர்கள். இந்த முதல் விண்ணப்பத்துக்கு உங்களிடம் கூலி கேட்க யாருக்கும் சட்டத்தில் இடமில்லை. உங்கள் கவுண்டியில் இலவசமாக உதவும் அலுவலர் பெயர், உட்காரும் நாள், தொலைபேசி எண்: __________

அந்தக் கோடிட்ட இடத்தை ஒவ்வொரு அஞ்சல் நிலையத்திலும் கையால் நிரப்பித் தர நாங்கள் தயார்.

இப்படிக்கு,
கிராமப்புறக் கைம்பெண்களின் விண்ணப்பங்களுக்கு உதவுவோர்